எஸ்.இ.ஓ. பயிற்சிச் சந்தா: தேதி மட்டும்தான் புதுசு, உஷார்!

எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் ஒரு தளத்தை முன்னால் கொண்டுவரும் வேலையில் இருப்பவர்களுக்கென்று சந்தா முறையில் ஆன்லைன் பயிற்சி விற்கும் ஒரு தளத்தில் பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. அவர்கள் செய்யும் தந்திரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

கூகுள் தேடல் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒருமுறை வாங்கும் கோர்ஸ் சீக்கிரம் பழசாகிவிடும், எங்களிடம் மாதாமாதம் பாடங்களைப் புதுப்பிக்கிறோம் என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. பழைய தகவலோடு வாடிக்கையாளர் முன்னால் போய் நின்றால் மானம் போகும். அந்த ஒரு வாக்குறுதிக்குத்தான் பணம் கட்டினேன்.

உள்ளே போனால் பாடத்துக்குப் பாடம் ‘இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டது’ என்று பச்சை முத்திரை. சரி என்று பக்க வேகம் பற்றிய பாடத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் எவ்வளவு சுலபமாக இயங்குகிறது என்று பார்க்க கூகுள் வைத்திருக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல்களில், எஃப்.ஐ.டி. என்ற அளவை 100 மில்லிசெகண்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று விலாவாரியாகச் சொல்லித் தருகிறார் பயிற்சியாளர். கூகுள் அதை எடுத்துவிட்டு 2024 மார்ச் 12 அன்றே ஐ.என்.பி. என்ற அளவைக் கொண்டுவந்துவிட்டது. பெயர் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. எஃப்.ஐ.டி. பார்த்தது பயனரின் முதல் கிளிக்கை பிரவுசர் கவனிக்க ஆகும் தாமதத்தை மட்டும். ஐ.என்.பி. பக்கத்தை மூடும்வரை நடக்கும் கிளிக், தொடுதல், டைப்பிங் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறது; 200 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. முன்னதில் பாஸான தளம் பின்னதில் சர்வ சாதாரணமாக ஃபெயிலாகும். இந்தப் பாடத்தை நம்பி வாடிக்கையாளர் தளத்துக்கு ஆடிட் ரிப்போர்ட் எழுதுகிறவர் கதி என்ன?

அனலிட்டிக்ஸ் பாடத்தில் ஓடுவது, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். 2023 ஜூலையிலேயே சாதாரணக் கணக்குகளுக்கு நிறுத்தப்பட்ட கருவி. எஃப்.ஏ.க்யூ. ஸ்கீமா, அதாவது பக்கத்தில் உள்ள கேள்வி-பதில்களை கூகுளுக்கு அடையாளம் காட்டும் குறியீடு போட்டால் தேடல் முடிவில் கூடுதல் இடம் பிடிக்கலாம் என்று ஒரு பாடம். அதையும் 2023 ஆகஸ்டில் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது இன்னொரு இடத்தில். ஒரு வீடியோவில், ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படிப் போகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியின் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். கீழே தேதி வரும் பட்டையை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் டொமைன் பெயர் மேலே பளிச்சென்று தெரிகிறது! மறைக்க வேண்டியது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

எந்தப் பாடத்தில் எதை மாற்றினீர்கள் என்று பட்டியல் கேட்டேன். உள் விவகாரம், தர முடியாது என்றார்கள். தளம் நடத்துபவர்களுக்கென்று கூகுள் வைத்திருக்கும் சர்ச் சென்ட்ரல் தளத்தில், ஆவணங்களில் செய்த மாற்றங்களைத் தேதிவாரியாகப் போடவே ஒரு பக்கம் இருக்கிறது, அதுவும் இலவசமாக. காசு வாங்குகிறவர்களுக்கு அது முடியவில்லை.

அப்புறம் ரீஃபண்ட். 14 நாளுக்குள் கேட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நிபந்தனைகளில் போய்ப் பார்த்தால், ஒர்க் ஷீட்டை டவுன்லோட் செய்தவர்களுக்கு அது கிடையாதாம். அதை டவுன்லோட் செய்யாமல் இரண்டாவது பாடமே திறக்காது. மாதக் கட்டணம் என்று காட்டியதும் உண்மையில் ஓராண்டு ஒப்பந்தத்தின் தவணை. ரத்து செய்தால் அடுத்த ஆண்டு புதுப்பிப்பு நிற்கும், மீதித் தவணைகள் கார்டில் போய்க்கொண்டே இருக்கும். முடிவில் தருவதாகச் சொல்லும் ‘கூகுள் அங்கீகரித்த எஸ்.இ.ஓ. நிபுணர்’ சான்றிதழையும் நம்பாதீர்கள். அப்படி யாருக்கும் கூகுள் முத்திரை குத்துவதில்லை.

இப்போது கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். விளம்பரப் பக்கம், பச்சை முத்திரை, நிபந்தனைப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். நீங்களும் இதுமாதிரி எதிலாவது மாட்டியிருந்தால் புகார் கொடுப்பதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன கையோடு என் லாகினை முடக்கிவிட்டார்கள்.