ஏசி கடையில் ஆறு மாதம்: பயிற்சி எப்படி இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் துறையில் என்.வி.கியூ 4 (தேசிய தொழிற் தகைமை, 4ஆம் மட்டம்) படிக்கிற பெடியள் வகுப்பு முடிந்ததும் ஏசி கடையொன்றுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். பெரும்பாலும் 6 மாதம். குழாய் வளைக்கவும் பிளேர் அடிக்கவும் (குழாய் முனையை விரிக்கவும்) கல்லூரிப் பட்டறையிலேயே பழகலாம். மேல்மாடிச் சுவரில் அவுட்டோர் (ஏசியின் வெளிப்பெட்டி) பூட்டுவதையும், குருநகர்ப் பக்கத்து உப்புக் காற்றில் அரித்துப்போன கொயிலை (குழாய்ச் சுருளை) அதன் தகடு வளையாமல் கழுவுவதையும் கடையில்தான் பழகமுடியும். அந்த வகையில் இந்த ஏற்பாடு தேவையானதுதான். ஆனால் கடைக்குக் கடை தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

நல்ல கடையை அடையாளம் காண மூன்று சாமான் போதும்: நைதரசன் சிலிண்டர், மைக்ரோன் கேஜ் (குழாய்க்குள் எவ்வளவு வெற்றிடம் என்று காட்டுகிற கருவி), தராசு. குழாய் பூட்டியதும் நைதரசன் ஏற்றிக் கசிவு பார்ப்பார்கள். பிறகு காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுகிற வக்கூம் பம்பை 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கும்வரை ஓடவிட்டு, வால்வைப் பூட்டிவிட்டுக் கேஜைக் கவனிப்பார்கள். அளவு கொஞ்சம் ஏறி நின்றால் உள்ளே ஈரம்; நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. குளிரூட்டுகிற காஸ் குறைந்தால் தராசில் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். ஆர்-410ஏ என்ற காஸ் கலவை வாயு என்பதால் அதைத் திரவமாகவே விடவேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

மட்டமான கடையில் பம்ப் வான் வண்டிக்குள்ளேயே கிடக்கும். வால்வைக் கொஞ்சம் திறந்து, காஸாலேயே காற்றைத் தள்ளிவிடுவார்கள். அரைமணி மிச்சம்தான். ஆனால் உள்ளே தங்கின ஈரம் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி, கடைசியில் கொம்பிரசரைத் தின்றுவிடும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வாயு. அதை இப்படி வெளியே விடுவது சுத்த விசர்வேலை. பெடியனோ இதுதான் முறை என்று பழகிக்கொண்டு மதிப்பீட்டுக்குப் போய் நிற்பான்.

இன்னொரு குறை, பங்குனி சித்திரை வெயிலில் சேருகிறவர்களுக்கு. சர்வீஸ் வேலை குவிகிற நேரம் என்பதால் பில்டர் கழுவுவதும் ஏணி பிடிப்பதுமாகவே மாதங்கள் போய்விடும். பயிற்சி நாட்குறிப்பில் கடைசி நாளில் மொத்தமாக ஒப்பம் விழும். கல்லூரி ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது கடைக்கு வந்து பார்த்தால் இதில் பாதி நடக்காது.

சேர்வதற்கு முதல் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனையாவது கிழமையில் கேஜைக் கையில் தருவீர்கள்? சேர்ந்த பிறகு, மொடல் இலக்கம், காஸ் வகை, அழுத்தம், ஏற்றின கிராம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதி, அன்றைக்கே ஒப்பம் வாங்குங்கள்.