இதய மருத்துவரை முதல்முறை பார்க்கும் முன்: ஓம்ரான் எச்.இ.எம். 7120 பிபி மெஷின்

பிபி கூடுதலாக இருக்கிறது, இதய மருத்துவரைப் பாருங்கள் என்று குடும்ப மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, நேரம் கிடைக்கப் பெரும்பாலும் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். மருத்துவமனையில் காத்திருந்து படபடப்போடு எடுக்கும் ஒரே ரீடிங்கில் பலருக்கு அளவு கூடிக் காட்டும். சிலருக்கோ அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறும். நீங்கள் எந்த வகை என்பது வீட்டில் ஒரு வாரம் எடுத்த அளவுகளில்தான் தெரியும். அந்த வேலைக்கு ஓம்ரான் எச்.இ.எம். 7120 போதும். ப்ளூடூத் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மேல்கையில் கட்டும் மெஷின் இது. நான்கு ஏஏ செல்லில் ஓடும்; கரண்டில் போட அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். பட்டனை அழுத்தினால் தானே காற்றடித்து, தானே இறக்கி, மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் காட்டும். அழுத்தத்தில் கூடக் குறைய 3 மி.மீ. (பிபியை அளக்கும் பாதரச அலகு) வரை வித்தியாசம் இருக்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது நல்ல துல்லியம். மணிக்கட்டில் கட்டும் மெஷின் கைக்கு அடக்கமாக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே அளவு 7, 8 கூடிவிடும். மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் சரியான உயரத்தில் வைப்பது கடினம்.

குறை இருப்பது கைப்பட்டையில். பெட்டியோடு வருவது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. கொஞ்சம் பருத்த உடம்பென்றால் இது போதாது. கடைக்குப் போகும் முன் தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 32-ஐத் தாண்டினால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சிறிய பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. அந்தத் தவறான எண்ணை நம்பித் தேவையில்லாத மாத்திரையைத் தொடங்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் கழித்துவிட்டு வாருங்கள். சாய்மானமுள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தரையில் சம்மணமிட்டு அளப்பது சரிவராது. சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல், வெறும் கையில் பட்டையைக் கட்டுங்கள். கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 1–2 செ.மீ. மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக நடுவிரலை நோக்கி இறங்க வேண்டும். ஒரு விரல் நுனி நுழையும் இறுக்கம் போதும். கையை மேசைமேல் வைத்து, தேவைப்பட்டால் தலையணை கொடுத்துப் பட்டையை நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மெஷின் ஓடும்போது பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். கூடுதலாகக் காட்டும் கையிலேயே பிறகு தொடருங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப 10-க்கு மேல் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் (ஃபிஸ்துலா) கையில் கட்டவே கூடாது.

காலையில் மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன், இரவில் சாப்பாட்டுக்கு முன், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங். இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24 ரீடிங்கின் சராசரியைப் பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டு அளவில் உயர் ரத்த அழுத்தம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. மெஷினின் நினைவை நம்பாமல் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து முறை எடுத்து, இருப்பதிலேயே குறைந்ததை மட்டும் எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படி எழுதிய நோட்டால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை. அளவைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், மூக்கடைப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாமே பிபியை ஏற்றக்கூடும். அதிமதுரம் சேர்ந்த கஷாயமும் அப்படித்தான். தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் குறையும். நாட்டு மருந்துதானே என்று இதைச் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம்.

திரையில் ஒழுங்கற்ற துடிப்புக்கான இதயக் குறி வந்தால், அசையாமல் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அடிக்கடி வந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். அது என்ன கோளாறு என்பதை இந்த மெஷின் சொல்லாது. அதற்கு ஈசிஜி வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இதன் பிபி அளவும் அவ்வளவு நம்பகமல்ல. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் சேர்ந்தால் வாங்கி வைத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

பார்க்கப் போகும் நாளில், வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள். பழைய ஈசிஜி, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரை அட்டைகள், நோட்டு ஆகியவற்றோடு மெஷினையும் பையில் வையுங்கள். அங்கே அவர்கள் கருவியில் எடுத்ததும், அதே கையில் உங்கள் மெஷினையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் பட்டையின் அளவோ கட்டும் விதமோதான் காரணம். அதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.