பிபிஇ கிட் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு: எங்கள் ரூ.1,59,600 போன விதம்

மயானப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் என்று ஊரில் வீடு வீடாகத் திரட்டிய பணம் ரூ.1,59,600. அதற்கு வந்து இறங்கியிருப்பது மளிகைக்கடைப் பைத்துணி. 2021 கொரோனா இரண்டாம் அலையில் இதைப் போட்டுக்கொண்டு யாரைப் பிணம் தூக்கச் சொல்வது?

மொத்த வியாபாரிகளைப் பட்டியல் போடும் இணையதளம் ஒன்றில் பிடித்த ஆள். கவரால் (உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை) 200, ஒன்று 450 ரூபாய். என்95 மாஸ்க் 1,000, ஒன்று 62 ரூபாய். மேலே 5 சதவீத ஜிஎஸ்டி. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' முத்திரை வேறு. ஆனால் நம்ப வைத்தது அதுவல்ல, சாம்பிள். லேமினேட் செய்த துணி, தையல் முழுக்க டேப், உள்பக்கம் யூசிசி எண் (சோதனையில் தேறிய கவராலுக்குக் கொடுத்த சான்று எண்), எல்லாம் சுத்தமாக இருந்தது. கூடவே ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான கோவை சிட்ராவின் சோதனை அறிக்கை. செயற்கை ரத்தம் ஊடுருவாது என்று அதில் இருந்தது. "ஸ்டாக் நாளைக்கு நிக்காதுங்க" என்றார்கள். முழுப் பணமும் போனது.

வந்த சரக்கில் லேமினேஷனே இல்லை. தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஈரம். தையலில் டேப் கிடையாது. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ரத்தம் உள்ளே வர வழி. உள்பக்கம் யூசிசி எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லை. மாஸ்க்கை வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்ட்ப்ளோன் அடுக்கே இல்லை. நுண்துகளைப் பிடிப்பது மின்னூட்டம் ஏற்றிய அந்த அடுக்குதான். அது இல்லாவிட்டால் வெறும் துணி. மேலே 'நியாஷ்' (மாஸ்க்குக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அரசு நிறுவனம்) என்று அச்சடித்துக் காதில் மாட்டும் நாடா வைத்திருக்கிறார்கள். நியாஷ் அங்கீகாரம் பெற்ற என்95 தலையைச் சுற்றித்தான் மாட்டும். காது நாடாவுக்கு அந்த இறுக்கம் வராது.

கேட்டால் முதலில் "கோடவுன்ல மாத்தி அனுப்பிட்டாங்க". அப்புறம் "லாக்டவுன், லாரி இல்லை". அப்புறம் "பிபிஇ ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், தொற்று அபாயம்". பெட்டியைப் பிரித்தது மட்டும்தான், யாரும் போடவே இல்லை! இணையதளத்தாரோ "நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே, பணப் பரிமாற்றம் எங்கள் வழியாக நடக்கவில்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள். ரூ.1,59,600-க்கு யாருமே பொறுப்பில்லையாம்.

வாங்கப்போகிறவர்கள் அவசரத்திலும் இதை மட்டும் பாருங்கள். சோதனை அறிக்கை சோதித்த அந்த மாதிரிக்கு மட்டும்தான், லாரியில் வரும் சரக்குக்கு அல்ல. யூசிசி எண் யாருக்குக் கொடுத்தது என்று அப்போது சிட்ரா, டிஆர்டிஓ (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) தளங்களில் பட்டியல் இருந்தது. அப்படிப் பட்டியல் கிடைத்தால் பெயரும் துணி வகையும் பொருந்துகிறதா பாருங்கள். வங்கிக் கணக்குப் பெயரும் ஜிஎஸ்டி பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சரக்கு வந்ததும் டிரைவர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொண்டு நாலைந்து பெட்டியைப் பிரித்து, தையலையும் மாஸ்க்கையும் வெட்டிப் பாருங்கள். மீதிப் பணம் அதற்கப்புறம்தான். முழுப் பணமும் முன்னால் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள்.