வெளியாள் ஃபெசிலிடேட்டர்: கொடுக்கும் காசுக்கு வேலை நடக்கிறதா?

15 பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டிய கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஃபெசிலிடேட்டரை அமர்த்துவது இப்போது சாதாரணமாகிவிட்டது. தமிழில் நெறியாளர் என்கிறோம். தலைவர் முடிவெடுப்பார், பயிற்சியாளர் கற்றுத் தருவார், ஆலோசகர் விடை சொல்வார். நெறியாளருக்கு இந்த மூன்றில் எதுவும் வேலை இல்லை. எதைப் பேசுவது என்பது குழுவின் கையில், எப்படிப் பேசுவது என்பது அவர் கையில். இந்தக் கோட்டை எவ்வளவு சுத்தமாகக் காக்கிறார் என்பதை வைத்துத்தான் சேவையை எடைபோட வேண்டும். கூட்டம் கலகலப்பாக இருந்ததா என்பதை வைத்து அல்ல.

கட்டணத்தில் பாதி கூட்டத்துக்கு முந்தைய வேலைக்கானது. நல்ல நெறியாளர் முதல் பேச்சிலேயே இரண்டு கேள்வி கேட்பார்: கூட்டம் முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? கடைசி முடிவு குழுவுடையதா, அல்லது குழு யோசனை சொல்ல மேலதிகாரி முடிவெடுப்பாரா? இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஆளை அமர்த்தவே வேண்டாம். தாங்கள் முடிவெடுக்கிறோம் என்று நம்பி நாள் முழுக்கப் பேசியவர்களிடம், மாலையில் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொன்னால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வரப்போகிறவர்களில் நான்கைந்து பேரிடம் ஆளுக்கு 20 நிமிடமாவது முன்கூட்டிப் பேசுகிறாரா என்றும் பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் ‘செலவுகள் பற்றி’ என்று இருந்தால் அரைகுறை வேலை. ‘எந்த மூன்று செலவை நிறுத்துவது என முடிவெடுத்தல்’ என்று இருந்தால் ஆள் சரி.

அறைக்குள் வந்தபின் திறமை தெரியும் இடம், பேச்சைப் பங்கிடுவது. 15 பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு 4 நிமிடம். ‘யாராவது கருத்து சொல்லுங்கள்’ என்று திறந்துவிட்டால் அந்த 60 நிமிடத்தை மூன்று பேர் சாப்பிட்டுவிடுவார்கள். கூட்டாக உரக்க யோசிக்கும் குழுவைவிட, தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடுதலாக வருகிறது என்று டீல், ஸ்ட்ரோப என்ற உளவியலாளர்கள் 1987இல் காட்டினார்கள். அடுத்தவர் பேசி முடிக்கக் காத்திருப்பதே முக்கியக் காரணம். காத்திருக்கும் நேரத்தில் யோசனை மறந்துபோகிறது, மழுங்கிப்போகிறது. அதனால் தேர்ந்தவர் முதலில் 5 நிமிடம் எல்லோரையும் பேசாமல் எழுதச் சொல்வார். பிறகு வரிசையாக, சுற்றுக்கு ஆளுக்கு ஒரு யோசனை மட்டும். கேள்வி கேட்டுவிட்டு 10 நொடி மௌனத்தைத் தாங்கத் தெரியாதவர், தானே பதில் சொல்லிக் கெடுத்துவிடுவார்.

பிடித்த யோசனைக்குப் பக்கத்தில் பொட்டு ஒட்டி வாக்களிப்பதை எல்லோரும் செய்கிறார்கள், பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். யோசனைகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொட்டு ஆளுக்குத் தர வேண்டும்: 12 யோசனைக்கு 4 பொட்டு. ஒரே மாதிரியானவற்றை முதலில் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாக்கு சிதறி நல்ல யோசனை தோற்கும். மேலதிகாரி கடைசியில்தான் ஒட்ட வேண்டும். அவர் முதலில் போனால் மற்ற பொட்டெல்லாம் அவர் பொட்டின் பின்னால் போகும். இது பட்டியலைச் சுருக்க மட்டுமே உதவும். முடிவுக்கு, எவ்வளவு சம்மதம் என்பதை 0 (சம்மதமே இல்லை) முதல் 5 (முழுச் சம்மதம்) வரை விரலால் காட்டச் சொல்வது மேல். 2 அல்லது அதற்குக் கீழே காட்டியவரிடம் ‘என்ன மாறினால் 3 காட்டுவீர்கள்?’ என்று கேட்பதில்தான் நெறியாளரின் கூலி அடங்கியிருக்கிறது.

குறைகளில் மோசமானது மார்க்கர் பிடித்த கையின் திமிர். சொன்னவர் வார்த்தையை விட்டுத் தன் வார்த்தையில் சார்ட்டில் எழுதினால் நடுநிலை அங்கேயே போய்விட்டது. எழுத வேறொருவரைக் கேளுங்கள். ஒரே ஆள் நடத்தி, எழுதி, நேரமும் பார்த்தால் மூன்றுமே நொண்டும். தலைப்புக்கு வெளியே வரும் விஷயங்களை ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்ல வழக்கம்தான். கடைசியில் அதற்கு 10 நிமிடம் ஒதுக்காவிட்டால் அந்தத் தாள் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். உற்சாக விளையாட்டுகள்? ஒன்று போதும், அதுவும் 5 நிமிடத்துக்குள்.

முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு ஒப்புக்குக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு இந்தச் சேவை வீண். தகவல் சொல்ல மட்டும் கூடுகிறீர்களா, ஒரு மின்னஞ்சல் போதும். ஐந்தாறு பேர் என்றால் உங்களில் ஒருவரே நடத்திக்கொள்ளலாம். இரண்டு பேருக்குள் சண்டை என்றால் தேவை சமரசம் பேசத் தெரிந்தவர். அது வேறு தொழில்.

பேரம் பேசும்போதே, கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் சார்ட்டுகளின் புகைப்படமும், வேலை, பொறுப்பு, தேதி என்ற மூன்று பத்தி அட்டவணையும் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்புப் பத்தியில் ‘அனைவரும்’ என்று வந்தால் திருப்பி அனுப்பி, ஒரே ஒரு பெயரைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.