காய்ந்த சுருட்டுகளை உயிர்ப்பித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள்: 18,500 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதிவிடுவேன், அவர்களுக்கு அந்த மரியாதை தேவையில்லை.

கப்பலில் வேலை பார்த்த என் மாமா கியூபாவிலிருந்து வாங்கி வந்த ஒரு பெட்டி. மான்டேகிரிஸ்டோ நம்பர் 4, 25 சுருட்டு. பெட்டியில் பச்சை வெள்ளை முத்திரைச் சீட்டு, அடியில் கையால் சுற்றியது என்ற சூட்டு முத்திரை, எல்லாம் இருந்தது. மாமா அதை ஏசி அறை ஷோகேஸில் அழகுக்கு வைத்திருந்தார். சென்னையின் ஈரக்காற்றில் இருந்தால்கூட இப்படிக் காய்ந்திருக்காது. ஏசி காற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டது. கையில் எடுத்தால் சருகுச் சத்தம்.

நகரத்தில் வெளிநாட்டுச் சுருட்டு விற்கும் ஒரு பெரிய கடையில் 'பழைய சுருட்டுகளைப் புதுப்பித்துத் தருகிறோம்' என்று பலகை. போனேன். அங்கிருந்தவர் ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். "மேலிலை தாங்கும் சார், ஆனா அவசரப்படுத்தக் கூடாது. முதல்ல குறைஞ்ச ஈரப்பதம், அப்புறம் படிப்படியா 65 சதவீதம், கடைசியா 69. ரெண்டு மாசம் பொறுங்க" என்றார். செடார் மரப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த ஈரமானியையும் காட்டினார். சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எரிகிறது. விஷயம் தெரியாதவன் கெடுத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். 18,500 ரூபாய், முழுத்தொகையும் முன்பணம். கொடுத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது. போன் போட்டால் "ப்ராசஸ்ல இருக்கு சார்". மறுபடி போட்டால் "முதலாளி வெளியூர்". போட்டோ கேட்டு நச்சரித்ததில் ஒரு பையன் தெரியாத்தனமாக உண்மையான போட்டோவையே அனுப்பிவிட்டான்: பிளாஸ்டிக் டப்பா, நடுவே சொட்டச் சொட்ட நனைத்த ஸ்பாஞ்ச், சுற்றிலும் மாமாவின் சுருட்டுகள். செடார் பெட்டி எங்கே, ஈரமானி எங்கே? கேட்டால் "அது முதல் ஸ்டேஜ் சார்".

காய்ந்த சுருட்டுக்கு ஈரத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் இலை ஊறி உப்பும். வெளியே காய்ந்து கிடக்கும் மேலிலைக்கு விரிந்து கொடுக்கத் தெம்பு இருக்காது, வெடிக்கும். அதேதான் நடந்தது. திரும்பி வந்த பெட்டியில் பாதிக்கு மேல் நெடுகக் கீறல். மீதியில் பூஞ்சை. சாம்பல் பச்சை நிறத்தில் மயிர்மயிராக, பற்றவைக்கும் முனையிலேயே. அதற்கு அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்: "இது பூஞ்சை இல்ல சார், ப்ளூம். நல்ல சுருட்டுல எண்ணெய் கசிஞ்சு வர்றது. உங்க சரக்கு தரமானதுன்னு அர்த்தம்." எண்ணெய்க்கு எப்போது சார் பச்சை மயிர் முளைத்தது?

18,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "சர்வீஸுக்கு ரீஃபண்ட் இல்லை, பில் பின்னாடி போட்டிருக்கு." பில்லே தரவில்லை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

வீட்டில் எப்படிச் செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: காற்றுப் புகாத டப்பா, கடையில் கிடைக்கும் ஈரப்பதப் பாக்கெட், முதலில் 62, சில வாரம் கழித்து 65. ஸ்பாஞ்ச், ஈரத்துணி, ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். முனைக்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் தூக்கிப் போடுங்கள். காய்ந்த இலையிலிருந்து போன எண்ணெய் திரும்ப வராது, 'பழைய சுவை அப்படியே வரும்' என்பவனை நம்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள், பில் கையில் வராமல் பணம் எடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, பணம் அனுப்பிய விவரமும் அந்த ஸ்பாஞ்ச் போட்டோவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கடைப் பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், மனு முடியும்வரை சொல்வதாக இல்லை.