போர்டு இல்லாத சைக்கிள் கடை, உறையூர்

திருச்சி உறையூரிலிருந்து தில்லைநகருக்குத் தினமும் காலையில் இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். வண்டி, அப்பா 1984இல் வாங்கிய ஹெர்குலிஸ். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு, 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய பிரேக்). ஹேண்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை தொங்கும். போன ஆயுத பூஜைக்கு ஆசையாக அதைப் பிரித்துப் பெயின்ட் அடித்தேன். அதிலிருந்து பிடித்தது சனி.

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். முன் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) முன்னும் பின்னும் லேசாக ஆடும். முதலில் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). லாக் நட்டை (போர்க் குழாயின் உச்சியில் கோனைப் பூட்டி வைக்கும் நட்டு) இறுக்கி 50 ரூபாய் வாங்கினார்கள். நாலு நாள் தாங்கியது. அடுத்து கோன், கப், நடுவில் உருளும் பால்ஸ் என்று ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங் சாமான் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி 380 ரூபாய். ஒரு வாரம். மூன்றாவது தடவை அங்கிருந்த பையன், ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறையாக முறுக்கினான். ஹேண்டில் திரும்பவே மறுத்தது, தெருமுனையில் விழப் பார்த்தேன். இரண்டு நாளில் மறுபடி டக். "மாவு மூட்டையைத் தொங்கவிட்டா இப்படித்தான் சார் ஆகும்" என்று பழியை மாவு மேல் போட்டார்கள். முப்பது வருஷம் அப்பா அதே ஹேண்டிலில் தண்ணீர்க் குடம் சுமந்தவர்.

அப்புறம்தான் வெற்றிலைக் கடைக்காரர் சொல்லி பாய் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். பாய்க்கு எழுபது வயதிருக்கும். நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "முன் பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தியா? ராடு பிரேக்குக்கே ஆட்டம் உண்டு தம்பி, அது உன்னை ஏமாத்தும்." மேலே கப்பும் கோனும் சேரும் இடத்தில் இடது கை விரலை வைத்துக்கொண்டு, வலது கையால் போர்க்கின் கீழ் முனையைப் பிடித்து ஆட்டினார். கீழ்க் கப்பில் விரலை வைத்தும் அதேபோலப் பார்த்தார். மேலேதான் லூஸ், கீழே இல்லை என்றார். என் விரலையும் வைக்கச் சொன்னார். உண்மைதான், மேலே துடிப்பது தெரிந்தது.

பிரேக் ராடைக் கழற்றி, ஹேண்டிலின் நடு போல்ட்டைத் தளர்த்தி, மரத்துண்டு வைத்து ஒரு தட்டு. ஹேண்டில் வெளியே வந்தது. லாக் நட்டைக் கழற்றியவர் அதைக் கவிழ்த்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்விளிம்பில் மோதிரம் மாதிரி ஒரு வட்டம் பளபளத்தது. "இது எதுல உரசிச்சு சொல்லு?" எனக்குத் தெரியவில்லை. "இங்க என்ன இருந்துச்சு? எதைக் கழட்டின?"

அப்போதுதான் உறைத்தது. டைனமோ காலத்து லைட் மாட்டும் பிராக்கெட், லாக் நட்டுக்கு அடியில் இருந்தது. பெயின்ட் அடித்தபோது, பேட்டரி லைட் இருக்கிறதே, இது எதற்கு என்று எடுத்துவிட்டேன். அதன் தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அது போனதும் போர்க் குழாய் அந்த அளவுக்கு மேலே நீட்டிக்கொண்டது. லாக் நட் கோனை அழுத்துவதற்கு முன்பே குழாயின் உச்சியில் போய் முட்டி நின்றுவிட்டது. ஸ்பேனருக்கு இறுகிய மாதிரி தெரியும், ஆனால் கோனைப் பிடித்துவைக்க ஆளில்லை. குலுங்கக் குலுங்க அது தானாகத் திருகிக்கொண்டு மேலே வரும். கோன் செட் மாற்றிய 380 ரூபாய் தண்டம். அந்தப் புதுக் கோனிலும் பால்ஸ் குத்திய தழும்பு விழுந்திருந்தது. "இது ஓடும், அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்றார்.

குழாயைக் கொஞ்சம் அறுத்துவிடலாமே என்று கேட்டேன். "அறுத்தா திரும்ப ஒட்ட முடியுமா?" என்று முறைத்தார். கம்பியில் கோத்து வைத்திருந்த பழைய வாஷர்களில் தடிமனாக ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார். பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்தார். ஹேண்டில் சிக்காமல் திரும்ப வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது; அந்த இடம் வரும்வரை கோனைக் கையாலேயே திருகினார். பிறகு கோனை ஒரு தட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்கினார். அந்தக் கண்ணாடிக் கடையில் மூன்று தடவையும் ஒரே ஸ்பேனர்தான் பார்த்தேன்.

கூலி 80, வாஷருக்கு 10. பழைய பிராக்கெட் கிடைத்தால் கொண்டுவா, அதுதான் சரியான அளவு என்றார். பரணில் தேடி எடுத்துக்கொண்டு போனேன். மாட்டிவிட்டு, வாஷரை வாங்கிக் கம்பியில் கோத்துக்கொண்டு பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது. எத்தனை மணிக்கு வரட்டும் என்றால் "வா பார்க்கலாம்" என்பதுதான் பதில். என் முதல் வேலைக்கே அரை நாள் போனது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் திறப்பார். ஜிபே இல்லை, சில்லறையோடு போங்கள். கியர் சைக்கிளைக் கொண்டுபோனால் டயரைத் தவிர எதையும் தொட மாட்டார். ஓவராயில் (முழுசாகப் பிரித்து சர்வீஸ்) செய்ய வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவது நல்லது.

நாலு மாதமாக ஹேண்டிலில் ஆட்டமே இல்லை. இப்போது செயின் கவரில் ஒரு கிரீச் சத்தம். புதன்கிழமை போகிறேன். அதற்கு முன்னால், அந்தப் பக்கம் எதையாவது கழற்றினேனா என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.