அப்பாவின் விரலும் கையடக்க ஈசிஜியும்: 3 வருட அனுபவம்

அலுவலகத் தோழி ஒருத்தி நேற்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள். "அக்கா, உங்க வீட்டுல இருக்குற அந்தச் சின்ன ஈசிஜி விலை இறங்கியிருக்கு. மாமியாருக்கு வாங்கலாமா?" நான் வாய் திறப்பதற்குள் என் முகமே ஏதோ சொல்லிவிட்டது போலிருக்கிறது. "ஏன்க்கா, நல்லா இல்லையா?" என்றாள். நல்லா இருக்கு என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. கோப்பி ஆறியதுதான் மிச்சம். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டுகிற அந்த ஈசிஜி கருவி வீட்டுக்கு வந்து 3 வருடம் ஆகிறது. இந்த வாரம்தான் இரண்டாவது முறையாகப் பேட்டரி மாற்றினேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில் பாதி திட்டு. சூயிங்கம் பாக்கெட் அளவுதான் இருக்கும் (சூயிங்கம் விற்கத் தடையுள்ள இந்தச் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உதாரணம் புரியுமா தெரியவில்லை). மேலே இரண்டு உலோகத் தகடு. ஒன்றில் வலது கை விரல்கள், மற்றதில் இடது கை விரல்கள். 30 விநாடி அசையாமல் வைத்தால் கைப்பேசியில் கோடு ஓடும். அவ்வளவுதான் கருவி. நான் வாங்கியபோது 200 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பாவுக்கு 76 வயது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவர். 4 வருடத்துக்கு முன் அவருக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. "உள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு பாப்பா" என்பார். அவரைக் கிளப்பி, டாக்சி பிடித்து, பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய்ச் சேர்வதற்குள் மீன் அடங்கிவிடும். அங்கே படுக்க வைத்து, உடம்பில் 10 இடத்தில் ஒட்டி, 12 கோணத்தில் ஈசிஜி எடுப்பார்கள். அது பதிவாவது 10 விநாடி. அந்த 10 விநாடியும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஏர்கான் சத்தம் போடுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், அவர் வந்து நிற்கிற நேரம் பார்த்துச் சத்தமே வராதே, அந்தக் கதைதான்.

பிறகு துடிப்பை விடாமல் பதிவு செய்கிற ஹோல்டர் கருவி மாட்டினார்கள். 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும். குளிக்கக் கூடாது. நம் ஊர் வேர்வைக்கு ஒரு நாள் குளிக்காமல் இருந்ததை அப்பா இன்றுவரை ஏதோ சிறைக்குப் போய்வந்தது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த 24 மணி நேரமும் மீன் துள்ளவில்லை. கழற்றிக் கொடுத்து நான்காம் நாள் துள்ளியது. அப்போதுதான் இதை வாங்கினேன். வருகிற நேரத்தில் வீட்டிலேயே பிடித்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரி. விரல்தான் சரியில்லை.

அப்பா விரலை வைப்பார். நான் விநாடி எண்ணுவேன். 30 முடிந்ததும் திரையில் 'அன்ரீடபிள்' (படிக்க முடியவில்லை) என்று வரும். மறுபடி வைப்பார். மறுபடி அன்ரீடபிள். என் விரலை வைத்தால் முதல் தடவையே சரியாக வருகிறது, என் மகன் வைத்தாலும் வருகிறது. யாருக்காக வாங்கினோமோ அவர் விரல் மட்டும் அதற்கு ஆகாது. முதல் மாதம் நான் எழுதி வைத்த கணக்கில் அப்பா வைத்தது 41 முறை, படிக்க முடிந்தது 17. வீட்டில் இந்தக் கருவிக்குப் பெயரே அதுதான் இப்போது. "பாப்பா, அந்த அன்ரீடபிள எடு" என்பார்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. இதயம் துடிக்கும்போது உண்டாகிற மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான். டீவி ரிமோட்டில் போடுகிற ஒரு பேட்டரி 1.5 வோல்ட், அதாவது இதைப்போல 1,500 மடங்கு. இந்தத் துளி மின்சாரம் காய்ந்த தோலைத் தாண்டி உலோகத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் ஒட்டுகிற வில்லையில் ஈரப்பசை இருக்கும். இதில் வெறும் தகடு. வயதானால் விரல் தோல் காய்ந்துபோகும். போதாக்குறைக்கு கோவிட் காலத்தில் பிடித்த பழக்கம், அப்பா இன்னும் மணிக்கொரு தரம் கிருமிநாசினி தேய்க்கிறார். வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஊர் இது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு விரலில் ஈரம் இல்லை என்று ஒரு கருவி குறை சொன்னால் கோபம் வராதா?

ஈரம் மட்டும் போதாது. கை அந்தரத்தில் நின்றால் தசை நடுங்கும். தசைக்கும் மின்சாரம் உண்டு, அது இதயத்தின் கோட்டை அமுக்கிவிடும். கையை மேசையில் ஊன்ற வேண்டும். கைப்பேசி சார்ஜரில் இருந்தால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கோட்டில் ஏறிக்கொள்ளும். பேசக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் அப்பாவுக்கு ஒத்துவராது. சரியாக 20ஆவது விநாடியில் "ஆச்சா?" என்பார்.

வழி கண்டுபிடித்தது அவரேதான். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், இன்னும் மோசம். எண்ணெய் மின்சாரத்தை விடாது. அப்புறம் ஒருநாள் ரசம் சாதம் சாப்பிட்டு, கை கழுவி, சரியாகத் துடைக்காமல் வந்து வைத்தார். முதல் தடவையே கோடு பளிச்சென்று வந்தது. "உப்பு புளி கேக்குது போல" என்றார். மறுநாளிலிருந்து பக்கத்தில் ஒரு தம்ளரில் உப்புத் தண்ணீர். விரலை நனைத்து, கைலியில் லேசாக ஒற்றிவிட்டு வைப்பார்.

இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஈசிஜி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சரியாக வேலை செய்கிற மாதிரி உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன் என்கிற டச்சுக்காரர், 1900களின் தொடக்கத்தில். அவருடைய கருவி சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் இடது காலையும் ஆளுக்கொரு தொட்டியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொட்டியில் என்ன? உப்புத் தண்ணீர். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 120 வருடம் கழித்து, 270 கிலோவைச் சட்டைப்பைக்குள் அடக்கியவர்கள் தொட்டியை மட்டும் வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஐந்தோவன் பிறந்தது 1860இல், ஜாவாவின் செமாராங்கில் என்று அப்பாவிடம் சொன்னேன். "செமாராங்கா? அங்கேருந்து வந்த கப்பல் எத்தனை எண்ணியிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் அவருக்கு ஊர்க்காரர் மாதிரி. (உப்பு உலோகத்துக்கு ஆகாது என்பதால் இப்போது வெறும் தண்ணீருக்கு மாறிவிட்டோம். அதுவும் போதுமானதாகத்தான் இருக்கிறது.)

இனி அந்த ராத்திரி. வாங்கி இரண்டாவது வருடம், தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், விடியற்காலை 3 மணி. அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். மீன். விளக்கைப் போட்டு, கூடத்து மேசையில் உட்கார வைத்து, கருவியை நீட்டினேன். அன்ரீடபிள். இரண்டாவது முறை. அன்ரீடபிள். ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஒரு நிமிடத்துக்காகவே வைத்திருந்த சாமான் அது. அப்போது வந்த கோபத்தில் 9ஆவது மாடியிலிருந்து அதை எறிந்திருப்பேன். கீழே யார் தலையிலாவது விழும், அபராதமும் கட்ட வேண்டும் என்பதால் எறியவில்லை. அப்பாதான் எழுந்துபோய்த் தண்ணீர்த் தம்ளரை எடுத்து வந்தார். படபடப்பு அவருக்கு, பதற்றம் எனக்கு. மூன்றாவது முறை வந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) இருக்கலாம், நிமிடத்துக்கு 138 துடிப்பு என்றது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ இல்லை. சுமார் 40 நிமிடத்தில் தானாக அடங்கியது. விடிந்ததும் கிளம்பினோம்.

மருத்துவர் கருவி சொன்ன தீர்ப்பைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி, 5 கட்டம் ஒரு விநாடி. ஆர் என்கிற உயரமான முனைகளுக்கு நடுவே ஓரிடத்தில் 2 கட்டம், அடுத்து 3, அதற்கடுத்து ஒன்றரை. எந்த ஒழுங்கும் இல்லை. ஆருக்கு முன்னால் பி என்று ஒரு சின்ன மேடு வர வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒன்றாகச் சுருங்குவதற்கு அடையாளம் அது. அப்பாவின் கோட்டில் அந்த இடத்தில் மேடு இல்லை, நடுக்கம்தான் இருந்தது. மேலறைகள் சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு என்று பொறுமையாக விளக்கினார். எக்கோ என்கிற இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அப்புறம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மருந்தகமும் ஹோல்டரும் பிடிக்காததை இந்தச் சூயிங்கம் பாக்கெட் பிடித்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா செய்ததுதான் எனக்கு இந்த 3 வருடத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம். அந்தப் பக்கத்தை அச்செடுக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு, பழைய துறைமுகப் பழக்கத்தில் எண்ணினார். 30 விநாடியில் 69. இரண்டால் பெருக்கினால் 138. "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். அந்தக் கருவியைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

மற்றவை சுருக்கமாக. பழைய பதிவுகளையெல்லாம் வைத்திருக்க மாதச் சந்தா கேட்கிறார்கள். என் அப்பாவின் இதயத்துக்கு எனக்கே வாடகை. நான் கட்டுவதில்லை, எடுத்த உடனே கோப்பாகச் சேமித்துக்கொள்கிறேன். பேட்டரி மூடியைத் திறக்க நகம் போதாது, ஊசி வேண்டும். அதில்தான் இந்த வாரம் என் கட்டைவிரல் கிழிந்தது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இது இதயத்தை ஒரே ஒரு கோணத்தில்தான் பார்க்கிறது, வலது கையிலிருந்து இடது கைக்கு. மாரடைப்பை இதில் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது இதில் விரலை வைத்து, 'நார்மல்' என்று வந்ததும் திரும்பிப் படுத்தால் அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. வலித்தால் ஆம்புலன்ஸுக்கு 995. நேராக 995.

இன்னொரு பக்கம், இது பழக்கமாகிவிடும். அந்த ராத்திரிக்குப் பிறகு அப்பா நிம்மதியாகிவிட்டார், நான்தான் கெட்டேன். ஒரு வாரத்தில் என் விரலையே 60 தடவைக்கு மேல் வைத்திருக்கிறேன். எம்ஆர்டி ரயிலில் வைத்தேன், அலுவலகக் கழிப்பறையில் வைத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். கடைசியில் கருவியை அப்பாவின் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்தேன்.

தோழிக்கு இன்று காலை பதில் அனுப்பினேன்: "வாங்காதே." அவள் மாமியார் தும்மினாலே சொந்தக்காரர்களுக்கெல்லாம் தொலைபேசி போடுகிறவர். அவர் கையில் இது கிடைத்தால் என் தோழிக்குத்தான் முதலில் ஈசிஜி எடுக்க வேண்டியிருக்கும். அவருக்குப் படபடப்பும் கிடையாது, மருத்துவரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நியாயமாக யோசித்தால் அதனால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. விரல் கிழிந்த வாரத்தில் கேட்டாள், அவ்வளவுதான். "அப்ப உங்களுது கெட்டுப்போனா?" என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு சாயங்காலமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற சிம் லிம் பக்கம் போய் இன்னொன்று வாங்குவேன் என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

புதுப் பேட்டரி போட்டதும் அப்பாவிடம் கொடுத்தேன். அன்ரீடபிள். தம்ளரை எடுத்து வந்தார், விரலை நனைத்தார், கைலியில் ஒற்றினார், வைத்தார். 20ஆவது விநாடியில் வாயைத் திறக்கப் போனார், நான் முறைத்தேன், மூடிக்கொண்டார். 30.

"பி இருக்கா?"

"இருக்குப்பா."

"சரி, டீவியப் போடு."